நவம்பர் மாதத்து மீன்கள்

நான் 138 மீன்களைப் படைத்திருக்கிறேன். 2018 நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம், கெலுகோர் தாமான் துன் சார்டோன் அடுக்குமாடியில், எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா பக்கத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னுமா வேல முடியல?" என்று கேட்டார். "தோ, முடிஞ்சிரிச்சிம்மா" என்றேன்.

அந்த மீன்களுக்கு உடம்பு கிடையாது. நீளம் மட்டும்தான். 15.5, 16, 16, 16.5, 15 என்று எக்செல்லில் ஒரு பத்தியாக இறங்கிப் போயின. நடுவில் நம்பும்படியாக இருக்கட்டும் என்று ஒரு 12.5, ஒரு 20. பொய் சொல்லும்போது மனிதர்களுக்கு எங்கிருந்தோ ஓர் அழகுணர்ச்சி வந்துவிடுகிறது.

அப்போது நான் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆய்வின் பொருள் கெரிசி மீன். சென்னையில் சங்கரா என்று கூவி விற்பது இதையும் இதன் சொந்தக்காரர்களையும்தான். இளஞ்சிவப்பு உடம்பு, விலாவில் மஞ்சள் கோடுகள், பெரிய கண். கடல் தரையை ஒட்டி வாழ்வது. பினாங்கில் இதை முழுதாகப் பொரித்துச் சாப்பிடுகிறவர்களைவிட, மீனுருண்டையாகத் தெரியாமல் சாப்பிடுகிறவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். சதையை அரைத்துச் சுரிமி ஆக்குவதற்கு உகந்த மீன். என் வேலை, பத்து மாவுங் ஜெட்டியில் இறங்கும் கெரிசியை மாதம் ஒருமுறை அளந்து, அது எவ்வளவு வேகமாக வளர்கிறது, எவ்வளவு வேகமாகச் சாகிறது, அந்தச் சாவில் வலைக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுச் சொல்வது. சுருக்கமாக, அந்த மீன் கூட்டம் நலமாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வது.

என் ஆய்வுத் தலைப்பில் 'ஆழ்கடல்' என்ற சொல் இருந்தது. வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் அம்மா அதைப் பெருமையாகச் சொல்வார். "பாப்பா ஆழ்கடல் மீன் படிக்கிறா." கேட்பவர்கள் கண்ணில் ஒளி வீசும் மீன்களை நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மலேசியாவில் ஆழ்கடல் என்பது ஆழத்தின் பெயர் இல்லை, தூரத்தின் பெயர். அறுபதுகளில் இழுவலை வந்தபோது கரையோரச் சிறு மீனவர்களுக்கும் இழுவலைக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் படகுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். அதன் பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் கடலை மண்டலங்களாகப் பிரித்தார்கள். கரைக்கு அருகில் சிறியவர்களுக்கு, தள்ளிப் பெரியவர்களுக்கு. 30 கடல் மைலுக்கு அப்பால் போகும் 70 டன்னுக்கு மேற்பட்ட படகுகளுக்கு சி2 உரிமம். அதுதான் ஆழ்கடல் மீன்பிடிப்பு. அறிவியலில் ஆழ்கடல் 200 மீட்டருக்குக் கீழேதான் தொடங்கும். மலாக்கா நீரிணையோ, அந்தமான் கடல் பக்கம் திரும்பும்வரை பெரும்பாலும் நூறு மீட்டரைக்கூடத் தொடாது. ஆக, என் ஆழ்கடல் மீன் உண்மையில் ஆழமில்லாத கடலில் தூரமாகப் பிடித்த மீன். அம்மாவிடம் இதை நான் விளக்கவில்லை.

கெலுகோருக்கும் இந்த வேலைக்கும் பழைய தொடர்பு உண்டு. மீன்வளத் துறையின் ஆராய்ச்சி நிலையம் பத்து மாவுங்குக்குப் போவதற்கு முன்னால் இங்கே கெலுகோரில்தான் இருந்தது. நான் நூலகத்தில் எடுத்த பழைய அறிக்கைகளின் முதல் பக்கத்தில் 'குளுகோர், பினாங்கு' என்ற முகவரியைப் பார்த்தபோது, நம் தெரு பெயரைச் சினிமாவில் கேட்டது மாதிரி இருந்தது. எழுபதுகளில் ஆய்வுக் கப்பலில் போய், ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எத்தனை கிலோ வருகிறது என்று நம் கடலில் எண்ணத் தொடங்கினார்கள். பக்கத்தில் தாய்லாந்து வளைகுடாவில் அது இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1961இல் அங்கே ஒரு மணி நேர இழுப்புக்கு ஏறக்குறைய 300 கிலோ. முப்பது வருடம் கழித்து அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஒரு கோட்டைப் பார்த்துத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன். அவ்வளவு தெளிவாக ஒரு பேரழிவைச் சொல்லும் கோடு எந்தக் கவிதையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, மீனை அளப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த தவறு என்ன என்பது புரியாது.

குளிர்நாட்டுக் கடலில் மீன் குளிர்காலத்தில் மெதுவாக வளரும், கோடையில் வேகமாக வளரும். அதன் செவிக்கல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல் ஆண்டு வளையங்கள். எண்ணினால் வயது. நமக்குக் குளிர்காலமே கிடையாது. பினாங்கில் வருடம் முழுக்க ஒரே வெக்கை. வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. அதனால் இங்கே வயதுக்குப் பதில் நீளத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஒரு தமிழ்ப்பள்ளியின் காலைச் சபையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பிள்ளைகள் கலந்து நிற்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை. உயரத்தை மட்டும் அளக்கிறீர்கள். உயரத்தின்படி வரைபடம் போட்டால் ஒவ்வொரு வகுப்பும் ஒரு சின்ன மேடாக எழும்பி நிற்கும். ஆறு மாதம் கழித்து வந்து அளந்தால் அதே மேடுகள் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். எந்த மேடு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் வளர்ச்சி வேகம் தெரியும். பெரிய வகுப்புக்குப் போகப்போக மேடு எவ்வளவு சிறுத்துப் போகிறது என்று பார்த்தால், நடுவில் எத்தனை பேர் காணாமல் போகிறார்கள் என்பதும் தெரியும். மீனுக்கும் இதேதான். மாதாமாதம் இருநூறு மீன். மேடுகள். மேடுகளைத் தொட்டுப் போகும் ஒரு வளைகோடு.

அந்தக் கோட்டைக் கணினி வரையும்படி செய்தது 1981இல் டேனியல் பாலி என்ற விஞ்ஞானியும் அவரோடு டேவிட் என்பவரும் எழுதிய எலிஃபான் என்ற முறை. பாலி எழுபதுகளின் நடுவில் இந்தோனேசியாவில் இழுவலை ஆய்வில் வேலை பார்த்தவர். செவிக்கல்லைப் படிக்க ஆய்வகமும் பணமும் இல்லாத நாடுகளுக்கு ஓர் அளவுப் பலகையும் கணக்கிடும் இயந்திரமும் போதும் என்று ஆக்கிக்கொடுத்தார். கோடு மேட்டின் மேல் போனால் மதிப்பெண். பள்ளத்தில் போனால் மதிப்பெண் குறையும். அதிக மதிப்பெண் வாங்கும் கோடுதான் அந்த மீனின் வளர்ச்சி. அவர் வேலை பார்த்த மணிலா நிறுவனம் இரண்டாயிரத்தை ஒட்டிப் பினாங்குக்கே குடிபெயர்ந்து வேர்ல்டுஃபிஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பத்து மாவுங்கில்தான் அலுவலகம். நான் ஜெட்டிக்குப் போகும் அதே வட்டாரம்.

வளைகோடு கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். மொத்த இறப்பு விகிதம் வரும். கடல் வெப்பத்தையும் வளர்ச்சியையும் போட்டால் இயற்கையான இறப்பு வரும். பாலி 1980இல் 175 மீன் கூட்டங்களை வைத்துச் செய்த சூத்திரம் அது. மொத்தத்தில் இயற்கையைக் கழித்தால் மீதி வலை. வலையின் பங்கு பாதிக்குமேல் போனால் 'அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டது' என்று எழுதிவிடலாம். இந்தப் பாதிக் கணக்கை இப்போது பலரும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம். எங்கள் பக்கத்து ஆய்வேடுகளில் அது இன்னும் ஆட்சி செய்துகொண்டுதான் இருக்கிறது. நான் சொல்ல வருவது, எல்லாமே அந்த முதல் கோட்டின் மேல் நிற்கிறது. முதல் கோடு, மீன் பெட்டிகளுக்கு முன்னால் காலை ஐந்து மணிக்குக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் ஆளின் மேல் நிற்கிறது.

அந்த ஆள் நான்.

ஜெட்டிக்குப் போக நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அப்பாவும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். அவர் கெலுகோரில் ஒரு சோற்றுக்கடை வைத்திருக்கிறார். மதியம் மீன் கறிக்குக் கூட்டம் வரும். மோட்டாரில் என்னை இறக்கிவிட்டுப் பசாருக்குப் போவார். ஜெட்டியில் என்னை முதலில் யாரும் மதிக்கவில்லை, விரட்டவும் இல்லை. பனிக்கட்டிக்குள் கைவிட்டு மீனை எடுத்துப் பலகையில் வைத்து, மூக்கைக் கட்டையில் முட்டவைத்து, வாலின் கவைவரை படிக்க வேண்டும். வால் நுனிவரை அளக்கக் கூடாது. கெரிசியின் மேல்வாலில் நூல் மாதிரி ஓர் இழை நீண்டிருக்கும். வலையில் பாதி மீனுக்கு அது அறுந்துபோயிருக்கும். புத்தகத்தில் கோடு போட்டு எண்ண வேண்டும். பென்சில்தான். பேனா அழிந்துவிடும். இருநூறு மீனுக்கு ஒன்றரை மணி நேரம். முடியும்போது விரல்கள் என்னுடையவையாக இருக்காது.

லாரி ஓட்டும் ஒரு தமிழ் அண்ணன் இருந்தார். மூன்றாவது மாதம் அவராகவே வந்து கேட்டார்.

"என்னா தங்கச்சி, இந்தப் பெட்டிய மட்டும் அளக்குற?"

"இதுதான கெரிசிண்ணே."

"அது தரம் பிரிச்ச கெரிசி. சின்னதெல்லாம் அந்தா, பாஜாவுல கெடக்கு."

பாஜா என்றால் மலாயில் உரம். உரத்துக்கும் தீவனத்துக்கும் போகும் கழிவு மீனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். போய்ப் பார்த்தேன். நசுங்கிய சாம்பல் நிறக் குவியல். அதற்குள் விரல் நீளக் கெரிசிக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். நான் அளந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளே வரவில்லை. அவர்கள் வேறு லாரியில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தார்கள். அந்த மாதத்திலிருந்து பாஜாவிலும் ஒரு வாளி எடுத்து அளந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றுக்காரி இல்லை என்று உங்களுக்குத் தெரியட்டும் என்பதற்காக. கொஞ்சம் எனக்காகவும்.

2018இல் தீபாவளி நவம்பர் 6. அதற்கு முந்தின வாரம் அம்மாவின் முறுக்கு ஆர்டர்கள், பிந்தின வாரம் திறந்த இல்ல உபசரிப்புகளுக்கு அப்பாவின் சமையல். நான் இரண்டுக்கும் ஆள். ஜெட்டிக்கு நான் போன அன்று மழை. பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் பெட்டிகள் லாரியில் ஏறிவிட்டன. கீழே இருந்ததில் 62 மீன் அளந்தேன். மறுவாரம் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. காரணம் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். காய்ச்சல் இல்லை. அந்த நாலரை மணி எனக்கு வெறுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் எக்செல்லைத் திறந்தபோது எல்லா மாதமும் 200, 204, 211 என்று இருக்க, நவம்பர் மட்டும் 62 என்று பல் விழுந்த மாதிரி இருந்தது. அக்டோபரில் பெரிய மேடு 15 செ.மீட்டரில் இருந்தது. ஒரு மாதத்தில் அரை செ.மீ., முக்கால் செ.மீ. வளர்ந்திருக்கும். அப்படியானால் நவம்பர் மேடு பதினாறை ஒட்டி. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, நடந்திருக்கக்கூடியதைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 138 மீன்கள் பிறந்தன.

ஜனவரியில் மொத்தத்தையும் போட்டு ஓட்டியபோது வளைகோடு அற்புதமாக வந்தது. என் மேற்பார்வையாளர் திரையில் விரல் வைத்து, "இந்த நவம்பரைப் பார், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது" என்றார். மற்ற மாதங்களில் மேடுகள் கரடுமுரடு. சில மாதத்தில் இரண்டு, சில மாதத்தில் எங்கே மேடு என்றே தெரியாது. நவம்பர் மட்டும் பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. ஆகாதா பின்னே? கோடு எங்கே போகும் என்று நினைத்தேனோ அங்கே நான் மீன்களை வைத்தேன். கோடு அங்கே போய் அந்த மீன்களைக் கண்டுபிடித்தது. எனக்குக் காது சூடானது. "ஆமா டாக்டர்" என்றேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் எழுதவில்லை. படித்தேன். எழுத முடியாதவர்கள் படிப்பார்கள். அப்படித்தான் ஆரஞ்சு ரஃபி மீனைப் பற்றிப் படித்தேன். இது உண்மையிலேயே ஆழ்கடல் மீன். நியூஸிலாந்து, ஆஸ்திரேலியப் பக்கம், கடலுக்கடியில் இருக்கும் மலைகளைச் சுற்றி, ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு முன்னும் பின்னும். பழைய ஆங்கிலப் பெயருக்கு 'வழவழாத் தலையன்' என்று பொருள். அந்தப் பெயரில் யார் வாங்குவார்கள்? விற்பனைக்காகப் பெயர் மாற்றினார்கள். எழுபதுகளின் கடைசியில் நியூஸிலாந்தில் பிடிக்கத் தொடங்கினார்கள். முட்டையிட மலை உச்சியில் கூடும்போது வலை போட்டால் சில நிமிடத்தில் டன் கணக்கில் வரும். எந்த மீனையும்போல இதுவும் இருபது முப்பது வருடம் வாழும், சில வருடத்தில் பருவத்துக்கு வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு வருடமும் நிறையப் பிடிக்கலாம்.

1991இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் செவிக்கல்லில் இருக்கும் கதிரியக்க ஈயத்தையும் ரேடியத்தையும் அளந்து வயது சொன்னார்கள். நூறு வருடத்துக்கும் மேல். பருவத்துக்கு வரவே முப்பது வருடம்போல் ஆகிறது. தட்டில் இருந்த மீன், அதைத் தின்றவரின் பாட்டிக்கும் மூத்தது. கணக்கெல்லாம் சரிந்தது. ஆனால் அதற்குள் பல மலைகள் காலி. நியூஸிலாந்தில் ஒரு பகுதியை 2000இல் மூடிப் பத்து வருடம் கழித்துத்தான் திறந்தார்கள். ஆஸ்திரேலியா 2006இல் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. பிடிபடும் அளவை வைத்து முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். அதுதான் கொடுமை. மிச்சமிருக்கும் மீன்கள் எல்லாம் முட்டையிட அதே உச்சிக்குத்தான் வரும். கடைசி வருடம்வரை வலை நிறையும்.

இதைப் படித்துவிட்டு ஒரு நாள் தூக்கம் வரவில்லை. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. தெரியாத இடத்தில் தங்களுக்குத் தெரிந்த மீன்களைப்போல ஒன்றை வைத்து நிரப்பினார்கள். நானும் அதையேதான் செய்தேன், தெரிந்தே செய்தேன். என்னுடையது ஒரு முதுகலை ஆய்வேடு, இதை வைத்து யாரும் உரிமம் கொடுக்கப்போவதில்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. ஃபிஷ்பேஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. அதையும் பாலியும் ரெய்னர் ஃப்ரோசும் மணிலாவில் தொடங்கியதுதான். உலகத்தில் வெளிவந்த வளர்ச்சி எண்களையெல்லாம் மீன் வாரியாகச் சேர்த்து வைக்கிறது. சொந்தமாக அளக்க வசதி இல்லாத யாரோ, வேறு ஏதோ கடலில், அங்கிருந்து எண்ணை எடுத்துத் தங்கள் கணக்கில் போடுவார்கள். நானே அப்படி எடுத்துப் போட்டிருக்கிறேன். எடுக்கும்போது ஒரு தடவைகூட, இதை அளந்தவருக்கு அந்த வாரம் தீபாவளியாக இருந்திருக்குமா என்று யோசித்ததில்லை.

அப்பாவிடம் சொன்னேன். நேராகச் சொல்லவில்லை. கடை மூடி எண்ணெய்ச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். "மீன் முன்னவிடக் கொறஞ்சிரிச்சாப்பா?" என்று ஆரம்பித்தேன்.

"கேக்கணுமா? பாலம் தொறந்த வருசம், எண்பத்தஞ்சில, நான் வேல பாத்த கடையில ஒரு கெம்போங் வச்சா தட்டு நெறஞ்சிடும். இப்போ ரெண்டு வைக்கிறேன்." கையை நீட்டி முழங்கைவரை காட்டினார். "இந்தா, இவ்ளோ."

கெம்போங் அந்த நீளத்துக்கு வளரவே வளராது. தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்பார்கள். முப்பது சொச்சம் செ.மீட்டரைத் தாண்டாத மீன். நம் எழுத்தாளர்களுக்கு முதியவர்களின் நினைவு என்றால் ஒரு மயக்கம் உண்டு, அறிவியல் பொய் சொன்னாலும் மீனவரின் கை பொய் சொல்லாது என்று. கை நன்றாகவே பொய் சொல்லும். அப்பாவின் கை முப்பத்து மூன்று வருடத்தில் மீனைப் பத்து செ.மீ.யாவது வளர்த்திருந்தது. ஆனால் தட்டில் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைக்கிறார் என்பது அவருடைய தினசரிக் கணக்கு. அதில் பொய் இல்லை. 1995இல் பாலி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்குச் சேர்ந்த நாளில் கடல் இருந்த நிலையையே ஆரம்பம் என்று எடுத்துக்கொள்கிறான், அதனால் இழப்பு முழுதாகக் கண்ணில் படுவதே இல்லை என்று. எனக்கு ஆரம்பம் 2018. அப்பாவுக்கு 1985. இரண்டுக்கும் நடுவில் பாலமாக எழுத்தில் இருக்க வேண்டியது அளந்த எண்தான்.

"நீ என்னமோ ஸ்டாக் பாக்குறேன்னு சொல்றியே, கடையில ஸ்டாக் எடுக்குற மாதிரியா?" என்றார்.

"அதேதான்ப்பா. ஆனா கட பூட்டியிருக்கும். உள்ள போக முடியாது. வாங்கிட்டுப் போறவங்க பையப் பாத்து உள்ள எவ்ளோ இருக்குன்னு சொல்லணும்."

"பையக்கூட ஒழுங்கா பாக்கலன்னா?"

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குக் கணக்குப் பையை எடுக்கப் போய்விட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. சும்மா கேட்டதுதான்.

மார்ச் மாதம் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "நவம்பர்ல 138 மீன் நான் போட்டது டாக்டர்" என்றேன். மலாயில் சொல்லும்போது அது இன்னும் அசிங்கமாக இருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், எனக்கு அது வசதியாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "களப் புத்தகம் எங்கே?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நவம்பர் பக்கத்தில் மீன் வழவழப்பு காய்ந்து, பென்சில் கோடுகள் ஐந்தைந்தாக, மொத்தம் 62. அந்தப் பக்கத்தை மட்டும் நான் தொடவில்லை. எக்செல்லில்தான் பொய், புத்தகத்தில் இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பென்சிலால் இல்லாத மீனுக்குக் கோடு போட என் கை போகவில்லை போலிருக்கிறது.

அவர் எல்லா மாதத்துப் பக்கங்களையும் கணினியில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். இரண்டு நாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அதுதான் தண்டனை என்றால் தண்டனை. பிறகு 138ஐ அழித்துவிட்டு ஓட்டினோம். மதிப்பெண் இறங்கியது. அது பரவாயில்லை. இரண்டு வேறு வேறு கோடுகள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு வந்து நின்றன. ஒன்றில் கெரிசி வேகமாக வளர்ந்து சீக்கிரம் சாகிறது. இன்னொன்றில் மெதுவாக வளர்கிறது. ஒன்றின்படி வலையின் பங்கு பாதிக்கு மேல், மற்றதன்படி கீழே. அதாவது நோயாளி நலமா இல்லையா என்றால், தெரியவில்லை. என் பொய் மீன்கள் செய்த ஒரே காரியம், இந்தத் 'தெரியவில்லை'யை அழித்தது.

"இதை எப்படி டாக்டர் எழுதறது?"

"இப்படியே" என்றார்.

ஒரு பருவம் தள்ளிப்போனது. உதவித்தொகை முடிந்துவிட்டது. மாலையில் டியூஷன் எடுத்தேன். அடுத்த நவம்பரையும் அளக்கச் சொன்னார். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் கடைசியிலேயே வந்துவிட்டதால் எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. 2019 நவம்பரில் மூன்று தடவை போனேன். அப்பா மோட்டாரில் இறக்கிவிட்டார். லாரி அண்ணன் பாஜா வாளியை அவரே எடுத்து வைத்திருந்தார். மழை பெய்த அன்றும் அளந்தேன்.

வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்தேன். நான் முந்தின வருடம் மேடு வைத்த பதினாறு செ.மீட்டரில் ஒரு பள்ளம். பன்னிரண்டில் ஒரு சின்ன மேடு, பதினெட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று, இன்னும் சின்னது. வேறு வருடம், வேறு மீன்கள், ஒப்பிடக் கூடாது என்பது தெரியும். இருந்தாலும் அந்தப் பள்ளத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய்மொழித் தேர்வு மறுவருடம், ஊரடங்கு நேரத்தில், கணினித் திரையில் நடந்தது. வெளித் தேர்வாளர் அட்டவணையைப் பெரிதாக்கிக் காட்டி, மற்ற மாதமெல்லாம் இருநூறுக்கு மேல் இருக்கிறதே, 2018 நவம்பரில் மட்டும் ஏன் 62 என்று கேட்டார். பின்னால் அம்மா சமையலறையில் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மாதம் அவ்வளவுதான் அளந்தேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.